எங்க வீட்டுப் போத்தல்

பதுளை பஜாரில் ஜெயராசாவின் மளிகைக் கடைப் பெயர்ப் பலகையில், 'சகல சாமான்களும் கிடைக்கும்' என்று எழுதியிருந்தது. கிடைக்காத சாமான்களுக்கு உள்ளே ஒரு கொப்பி இருந்தது. அதை எழுதுகிறவள் மருமகள் சுதர்சினி. யாராவது வந்து ஒன்றைக் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பினால், அவர்கள் படி இறங்குவதற்குள் அது கொப்பியில் ஏறிவிடும்.

"இருக்கிறத விக்கவே நேரம் பத்தல. இல்லாததுக்கு எதுக்கும்மா கொப்பி?" என்று ஜெயராசா ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். மகன் நிரோஷனுக்குக் கொழும்பில் வேலை. மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறவன். கடையில் கூடமாட நிற்க இருக்கிறது இந்த மருமகள் ஒருத்திதான். ஒரு கொப்பிக்காக அவளைப் பகைத்துக்கொள்ள அவர் அவ்வளவு பெரிய முட்டாள் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை தூங்கி வழிகிற நேரத்தில் சுதர்சினி அந்தக் கொப்பியைப் புரட்டுவாள். கறி ஒழுகாத சாப்பாட்டுப் பெட்டி. எலி கடிக்காத சீனி டப்பா. ஒற்றைக் கையால் திறக்கிற மூடி. அதைக் கேட்டவர் விபத்தில் ஒரு கையை இழந்த பஸ் சாரதி. பனி மூட்டத்தில் ஈரமாகாத தீப்பெட்டி. சவர்க்காரத் துண்டுகளைச் சேர்த்து வைக்க ஏதாவது. உலகத்தில் யார் யாரோ என்னென்னவோ கேட்டுக்கொண்டிருக்க, இந்த மனிதர்கள் கேட்பதெல்லாம் இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றும். அதில் பாதி ஆசை சாமானைப் பற்றியதே இல்லை, சாமான் வருகிற உறையைப் பற்றியது என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

அந்த ஆசைகளில் ஒன்று பூவம்மாவுடையது. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். சம்பளம் போட்ட வாரம் பதுளைக்கு வந்து லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்துச் சாமான் வாங்கிப் போவாள். தேங்காய் எண்ணெயைப் பொலித்தீன் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பதுதான் கடை வழக்கம். ஒருநாள் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தங்கச்சி, இந்தப் பை இல்லாம எண்ணெ குடுக்க வழி கெடையாதா? லயத்துக்குப் பின்னால தண்ணி ஓடுற காண் பூரா இந்தப் பைதான் கெடக்கு. மழைக்குத் தண்ணி போக வழியில்லாம, கடைசி வீட்டு லெட்சுமி வூட்டுக்குள்ள பூந்துருச்சு. கைக்கொழந்தக்காரி, ராவெல்லாம் கட்டில்ல ஏறி ஒக்காந்திருந்தா."

சுதர்சினி அன்றைக்கு அதைக் கொப்பியில் எழுதவில்லை. எழுதி வைத்துவிட்டு மறந்துபோகிற ஆசை இல்லை அது என்று தோன்றியது.

பழைய போத்தலும் பேப்பரும் வாங்குகிற பவாஸ் நானாவிடம் சொல்லி வைத்தாள். எல்ல ஊர்ப் பக்கத்து ஹோட்டல்களில் வெள்ளைக்காரர்கள் தின்று முடித்த ஜாம் போத்தல்கள் அவரிடம் மூட்டை மூட்டையாக வரும். அகல வாய், கெட்டிக் கண்ணாடி, தங்க நிற மூடி. ஒரே அளவாக இரண்டு டசின் பொறுக்கி எடுத்து, வெந்நீரில் கழுவி வெயிலில் காய வைத்தாள். சீனி, பருப்பு, எண்ணெய் மூன்றையும் அதில் நிறைத்துக் கொடுப்பது, முடிந்ததும் போத்தலைத் திருப்பி வாங்கி மறுபடி நிறைப்பது. இதுதான் திட்டம். பை இல்லை, உறை இல்லை, காணில் அடைக்க ஒன்றுமில்லை.

ஜெயராசா திட்டத்தைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிப்பை அடக்குகிற முறை அது.

"போத்தல் போகும். அது நிச்சயம். வருமா?"

"வரும் மாமா."

வாசலுக்கு நேரே இருந்த நடுத்தட்டை அவர் மருமகளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். சும்மா இல்லை, தவணை வைத்துத்தான். ஷாம்பு, எண்ணெய், சோஸ் எல்லாம் சின்னச் சின்ன உறைப் பக்கெட்டாகத் தொங்கவிடுகிற கம்பிக் கூண்டு ஒன்றை இலவசமாகத் தருவதாக ஒரு கொம்பனி ஏஜென்ட் ஆறு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் கண் அந்த நடுத்தட்டின் மேல். "தீபாவளிக்கு முந்தின திங்கக்கெழமை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள உன் போத்தல் போய்த் திரும்பி வந்துச்சுன்னா தட்டு உனக்கு. இல்லன்னா அவனுக்கு" என்றார். நியாயமான பேச்சுத்தான். அவளுக்கு அந்தத் தட்டு வெறும் பலகை இல்லை. நாலு வருடமாக இந்தக் கடையில் அவள் எடுத்துக் கொடுக்கிறவள், நிறுத்துக் கொடுக்கிறவள். யோசித்துச் சொன்னதை ஒருவர் கேட்டு இடம் விட்டது அதுதான் முதல் தடவை.

பூவம்மா வந்து போத்தல்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சந்தோஷம். மூடியைத் திருகித் தலைகீழாகப் பிடித்தாள். எண்ணெய் ஒரு சொட்டுக் கசிந்தது. "இது பஸ்ஸுல தாங்காது, தங்கச்சி. பக்கத்துல நிக்கிறவ சீலையெல்லாம் போயிரும்." பக்கத்துச் சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூப்பைக் கேட்டு வாங்கி வந்து, கத்தரிக்கோலால் வளையம் வளையமாக வெட்டினாள். ஒவ்வொன்றையும் மூடிக்கும் போத்தலுக்கும் நடுவே மாட்டித் திருகினாள். பிறகு தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு வரவில்லை. எங்கள் வீட்டிலும் கறிப் பாத்திரம் ஒழுகினால் இதைத்தான் செய்வோம் என்றாள், ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விஷயம் போல. சுதர்சினி அசந்துபோனாள். கொப்பியில் எத்தனையோ மாதமாக விடை இல்லாமல் கிடந்த சாப்பாட்டுப் பெட்டிக்கு விடை இவளிடம் இருந்திருக்கிறது.

சீனியும் பருப்பும் எண்ணெயும் நிறைத்த இருபத்துநாலு போத்தலையும் இரண்டு அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கட்டும்போது சுதர்சினிக்கு உள்ளுக்குள் ஒரு பதற்றம். உடைந்துவிடக் கூடாது, தொலைந்துவிடக் கூடாது, மாமா முன்னால் தலை குனிய வைத்துவிடக் கூடாது. பூவம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, இத கடைப் போத்தல்னு நெனைக்காதீங்க. எங்க வீட்டுப் போத்தல்னு நெனைச்சுக்கங்க. எல்லா வீட்டுலயும் அப்படியே சொல்லிக் குடுங்க."

பூவம்மா அவளை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வீட்டுப் போத்தலா? சரி, தங்கச்சி. அப்படியே சொல்லிக் குடுக்கிறேன்" என்றாள்.

போனது போனதுதான். மூன்று வாரம் ஒரு போத்தலும் வரவில்லை. நாலாவது வாரம் சம்பளம் போட்டார்கள், பூவம்மா வரவில்லை. அவளுக்குப் பதிலாக வந்த பெண் அரிசியும் மாவும் வாங்கிக்கொண்டு போனாள். போத்தலைப் பற்றிக் கேட்டால், "பூவம்மாக்கா சேத்துக் குடுப்பாங்க" என்றதோடு சரி. ஐந்தாவது வாரமும் அப்படியே. நடுத்தட்டு காலியாகக் கிடந்தது. ஜெயராசா அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தூசி தட்டுகிற பாவனையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

"கண்ணாடிக்கு இப்ப நல்ல வெல, தெரியும்ல? பவாஸ்கிட்ட கேட்டுப் பாரு. உன் போத்தல் திரும்பி அவர்கிட்டயே வந்திருக்கும்."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் சனிக்கிழமை பவாஸ் நானா பழைய பேப்பர் எடுக்க வந்தபோது அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஹாலிஎலைப் பக்கத்திலிருந்து போத்தல் ஏதாவது வந்ததா? "வந்துச்சே, புள்ள. போன கெழமை ஒரு சாக்கு வந்துச்சு" என்றார் அவர் சாதாரணமாக. என்ன போத்தல், யார் வீட்டுப் போத்தல் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஹாலிஎலையில் ஆயிரம் வீடு இருக்கிறது, ஆயிரம் வீட்டிலும் போத்தல் இருக்கிறது. கோபம் வந்துவிட்டால் அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏஜென்ட் வர இன்னும் எட்டே நாள். இரண்டு பெரிய பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குடை எடுக்கக் குசினிக்குள் நுழைந்தபோது குளிர்சாதனப் பெட்டியின் மேல் நஸ்மியாவின் பூப்போட்ட கண்ணாடிப் பாத்திரம் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டு நஸ்மியா தன் மகனுடைய பிறந்தநாளுக்கு வட்டிலாப்பம் அனுப்பிய பாத்திரம். கழுவிக் கவிழ்த்து மூன்று வாரமாகிறது. ஏதாவது செய்து போட்டுக் கொடுக்க வேண்டும், நேரமே அமையவில்லை. அடுத்த கிழமை பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ஹாலிஎலை வரை பஸ், அங்கிருந்து மேலே வேன். வேனை விட்டு இறங்கும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. லயத்து வாசலில் நின்று குடையை உதறியபோது பூவம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"யாரு, தங்கச்சியா! இந்த மழையில எப்படி வந்தீங்க? உள்ள வாங்க, வாங்க. சொல்லியிருந்தா நானே ரோட்டுக்கு வந்திருப்பேனே." தன் முந்தானையால் அவள் கையைத் துடைத்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அக்கம் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்று சிரித்தார்கள்.

சுதர்சினியின் கண் அடுப்புக்கு மேலே இருந்த பலகைக்குப் போயிற்று. தங்க நிற மூடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் ஒவ்வொரு நிறத்தில் நூல் கட்டியிருந்தது. ஒன்றில் மிளகு. ஒன்றில் தேயிலைத்தூள். ஒன்றில் காய்ந்த கொச்சிக்காய். ஒன்றில் அவரை விதை. ஒன்றில் சின்னச் சின்ன எலுமிச்சம்பழம். பதினொரு போத்தல் எண்ணினாள், பதினொன்றும் நிறைந்திருந்தது.

இதற்குத்தானா? அவள் வெந்நீரில் கை வேகக் கழுவினது, மாமாவிடம் தவணை வாங்கினது, ஐந்து வாரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது எல்லாம் இவர்கள் குசினியில் மிளகு போட்டு வைக்கவா?

"என்னக்கா இது?"

பூவம்மாவின் முகத்தில் ஒரு கூச்சமான சிரிப்பு வந்தது. "அதா? இல்ல தங்கச்சி, அது வந்து..."

"நம்பிக் குடுத்தது என் தப்பு" என்றாள் சுதர்சினி. தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. "திருப்பிக் குடுங்கன்னுதானே குடுத்தேன்? அஞ்சு வாரமா அங்க நான் பேச்சு வாங்கிக்கிட்டு இருக்கேன். நீங்க என்னடான்னா கடைச் சாமான வீட்டுச் சாமானாக்கி, நூலக் கட்டிப் புழங்கிக்கிட்டு இருக்கீங்க. சும்மா கெடைச்சா விடுவீங்களா?"

 வாசலில் நின்றவர்கள் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே பார்த்தார்கள்.

பூவம்மாவின் வாய் இன்னும் பாதி திறந்தபடி இருந்தது. அதில் ஒரு பதில் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. கள்ளி என்று சொல்லாமல் சொன்ன பிறகு விளக்கம் சொல்வது கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும். அவள் அப்படிக் கெஞ்சிப் பழகியவள் இல்லை.

ஒரு பழைய பத்திரிகையைத் தரையில் விரித்தாள். மிளகுப் போத்தலை எடுத்து மூடியைத் திருகிக் கவிழ்த்தாள். மிளகு சரசரவென்று கொட்டிக் காகிதத்துக்கு வெளியே உருண்டது. பிறகு தேயிலைத்தூள். பிறகு கொச்சிக்காய். ஒவ்வொன்றாக, அவசரம் இல்லாமல். கொட்டி முடித்ததும் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எல்லா வீட்டுலயும் சொல்லுங்க. கடைப் போத்தலக் கொண்டாரச் சொல்லுங்க." கடை என்ற சொல்லை அவள் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்.

போத்தல்கள் வந்தன. சிலதை வீட்டிலேயே கொட்டிவிட்டுக் கொண்டுவந்தார்கள், சிலதை வாசலிலேயே கவிழ்த்துவிட்டுக் கொடுத்தார்கள். கடைசி வீட்டு லெட்சுமி, இடுப்பில் குழந்தையோடு, ஒரு போத்தலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். அதில் ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் இருக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள். எல்லாவற்றையும் பூவம்மா பீலியிலிருந்து விழுந்த தண்ணீரில் கழுவினாள், துணியால் துடைத்தாள், நூல்களை மட்டும் அவிழ்க்க மறந்துபோனாள். எண்ணியபோது இருபத்துமூன்று. உள்ளே போனாள். எதையோ சட்டியில் கொட்டுகிற சத்தம் கேட்டது. இன்னொரு போத்தலோடு வந்தாள்.

"இருபத்துநாலு. எண்ணிப் பாத்துக்கங்க, முதலாளியம்மா."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. யாரும் தேநீர் போடவில்லை.

மாலை கடை வாசலில் இரண்டு பையையும் இறக்கியபோது ஜெயராசா உண்மையாகவே அசந்துபோனார். ஒவ்வொரு போத்தலாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இருபத்துநாலும் வந்துருச்சா! நான் ஒரு டசின் வந்தாலே பெருசுன்னு நெனைச்சேன். பரவாயில்லம்மா. அதட்டி வாங்கத் தெரியணும் கடைக்காரிக்கு." நாலு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அது அவளுக்கு இனிக்கவில்லை. ஏன் இனிக்கவில்லை என்று அவளுக்கும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நஸ்மியா கூப்பிட்டாள். "சுதா, அந்தப் பூப்போட்ட பாத்திரம் உங்கிட்டதானே இருக்கு? நாளைக்கு மாமி வீட்டு ஆட்கள் வாராங்க. அவசரமா வேணும். வெறுமனே தா, போதும்."

"போடி, வெறும் பாத்திரத்த எப்படிக் குடுக்கிறது? இரு, கொஞ்சம் சீனியாவது..."

சீனிப் போத்தலுக்கு நீண்ட கை அப்படியே நின்றது.

மூன்று வாரமாக அந்தப் பாத்திரம் ஏன் அங்கே கவிழ்ந்து கிடக்கிறது? நஸ்மியாவின் பாத்திரத்தைக் களவெடுக்கவா? ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பதை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது? ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நடக்கப் பழகியது போல, பேசப் பழகியது போல, தானாக வந்தது. பதுளையில் அப்படியென்றால் ஹாலிஎலையிலும் அப்படித்தான். 'எங்க வீட்டுப் போத்தல்னு நெனைச்சுக்கங்க' என்று யாரோ சொன்னார்கள் அல்லவா? யார் சொன்னது?

மிளகு. தேயிலைத்தூள். எலுமிச்சம்பழம். எல்லாம் அவளுக்கு வர இருந்தது. அவள் கண் முன்னாலேயே பத்திரிகையில் கொட்டினார்கள். அவள்தான் கொட்ட வைத்தாள். சுதர்சினி குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நஸ்மியா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடை திறந்ததும் போத்தல்களைத் தட்டில் அடுக்கினாள். சிவப்பு நூல், மஞ்சள் நூல், கறுப்பு நூல். யார் வீட்டிலிருந்து எது வந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டிய நூல்கள் என்று இப்போது புரிந்தது. இருபத்துநாலாவது போத்தல் கைக்கு வந்தபோது நின்றாள். அது கொஞ்சம் உயரம் கூடியது. மூடி பச்சை. மூடியின் உட்பக்கத்தில் ஆணியால் 'பூ' என்று கீறியிருந்தது. எங்கேயோ ஒன்று உடைந்திருக்கிறது. எண்ணிக்கை குறையக் கூடாது என்று பூவம்மா தன்னுடைய போத்தலைக் கொட்டிக் கழுவி வைத்திருக்கிறாள். முகர்ந்து பார்த்தாள். உள்ளே இன்னும் ஏலக்காய் மணம் இருந்தது.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் மறைத்திருக்கலாம், தட்டு அவள் கைக்கு வந்தாயிற்று. ஜெயராசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"போத்தலக் குடுக்கிறப்ப என்னன்னு சொல்லிக் குடுத்த?"

"எங்க வீட்டுப் போத்தல்னு."

"அப்புறம் அவங்க என்னதாம்மா செய்வாங்க?" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை சிரிப்பை அடக்க இல்லை. பவாஸைப் பற்றி அவர் விட்ட வேடிக்கை அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் தோட்டத்திலிருந்து யாரும் வரவில்லை. தீபாவளி முற்பணம் கொடுத்தாயிற்று, பஜாரில் நடக்க இடமில்லை, இந்தக் கடைக்கு மட்டும் அந்த லயத்து ஆள் ஒருவரும் வரவில்லை. போத்தல்கள் தட்டில் பளபளவென்று நின்றன. கேட்டபடி, கேட்ட எண்ணிக்கையில் வந்த போத்தல்கள். இனி அவற்றை நிறைத்து யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

சுதர்சினிக்குப் பலகாரம் வராது. அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. சனிக்கிழமை எள்ளுருண்டை பிடித்தாள். முதல் பாகு முறுகியது, இரண்டாவது ஒட்டவில்லை, மூன்றாவது ஒரு மாதிரி உருண்டையாயிற்று. ஜெயராசா ஒன்றைக் கடித்துப் பார்த்து, "ருசி இருக்கு, பல்லுதான் வேணும்" என்றார். கடையில் நல்ல பலகாரப் பக்கெட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவர் சொல்லவில்லை, அவளும் நினைக்கவில்லை. பச்சை மூடிப் போத்தலில் எள்ளுருண்டையை நிறைத்து, மூடியைத் திருகி, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடி வேன் ஏறினாள்.

பூவம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க. இன்னும் ஏதாவது கொறையுதா?"

"இது உங்க போத்தல்க்கா. என்கிட்ட வந்துருச்சு." பையை அப்படியே நீட்டினாள்.  பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "நான் பேசினது ரொம்பப் பெரிய தப்பு. எங்க வீட்டுல, வெறும் பாத்திரம் குடுக்க மாட்டோம்னு நான்தான் பக்கத்து வீட்டுக்காரிய மூணு வாரமாக் காக்க வச்சிருந்தேன். எனக்கே அது வெளங்கல."

பூவம்மா பையை வாங்கவில்லை. கத்தியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டுப் பேசினாள். குரலில் சூடு இல்லை, களைப்பு இருந்தது.

"எங்க போத்தலெல்லாம் ரெண்டாவது வாரமே ரெடி. லெட்சுமி வீட்டுலதான் போட ஒண்ணும் இல்ல. அவ தோட்டத்துல பேர் பதிஞ்சவ இல்ல, தோட்டம் குடுக்கிற தேயிலத்தூளும் கெடையாது. வாசல்ல நாலு போஞ்சிக் கொடி போட்டிருந்தா. அது காய்ச்சதும் போடுறேன், அது வரைக்கும் பொறுங்கக்கான்னு கேட்டா. இருபத்துமூணு நெறஞ்சு போயி ஒண்ணு மட்டும் வெறுசா போனா அவ மொகத்த எங்க வச்சிக்கிறது? அதான் எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம்."

சுதர்சினி கடைசி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுவரோரமாகக் கயிற்றில் ஏறியிருந்த கொடியில் போஞ்சி இப்போதுதான் விரலளவுக்கு நீண்டிருந்தது. அவள் அழுதுவிட்டாள். அழக் கூடாது என்று வந்தவள்தான். பூவம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, அவள் கையிலிருந்த பையை வாங்கிப் போத்தலை வெளியே எடுத்தாள். மூடியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டாள். கடித்தாள். கடிக்கப் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"நீங்களே செஞ்சதா?"

"ஆமா."

"தெரியுது" என்றாள் பூவம்மா. உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

தேநீர் குடித்து முடித்து, கடைசி வேனுக்கு நேரமாயிற்று. சுதர்சினி எழுந்து பைக்குக் கை நீட்டினாள். பூவம்மா அந்தத் துணிப்பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பை இருக்கட்டும், தங்கச்சி. இப்ப கையில ஒண்ணும் இல்ல. அப்புறமா அனுப்புறேன்."

திங்கட்கிழமை ஏஜென்ட் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். கம்பிக் கூண்டை வாசலில் நிறுத்திவிட்டு, அளவுநாடாவால் நடுத்தட்டை அளந்துகொண்டிருந்தான். ஜெயராசா அவனைப் பார்த்தார், போத்தல்களைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

"நேத்துப் போனியே, என்ன சொன்னாங்க? வருவாங்களா?"

"அதெல்லாம் சொல்லல, மாமா. கடைசி வீட்டு லெட்சுமி கொடியில போஞ்சி காய்க்கத்தான் இத்தன நாள் காத்துக்கிட்டு இருந்தாங்களாம்."

"துணிப்பைய எங்க? நாட்டுப் பருத்தி, நல்ல பை அது."

"அங்கதான் இருக்கு. இப்ப கையில ஒண்ணும் இல்லையாம். அப்புறமா அனுப்புறாங்களாம்."

ஜெயராசா கையிலிருந்த தராசுத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஏஜென்ட் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அளக்காதீங்க. இந்தத் தட்டுக்குச் சாமான் வர வேண்டியிருக்கு."

"எப்ப வருது, முதலாளி?"

"போஞ்சி காய்ச்ச பொறகு" என்றார் ஜெயராசா.